மேர் வீட்டு ஓரகத்தி

உக்காருங்க. திருத்துறைப்பூண்டியிலேர்ந்து இந்த வெயில்ல பஸ் ஏறி வந்திருக்கீங்க, முதல்ல மோரைக் குடிங்க. அப்புறம் பேசலாம்.

தேன்மொழியைப் பத்தி விசாரிக்க வந்தேன்னு சொன்னீங்க. நல்லது. பொண்ணு எடுக்கிறதுக்கு முன்னாடி நாலு இடத்துல விசாரிக்கணும். அதுவும் சரியான இடத்துல விசாரிக்கணும். நீங்க நேரா என்கிட்ட வந்தது உங்க குலதெய்வம் காட்டுன வழி. அந்தப் பொண்ணை எடுத்து வளர்த்தவ இருக்காளே, தையல்நாயகி, அவ என் ஓரகத்தி. என் வீட்டுக்காரரோட தம்பி பொண்டாட்டி. இந்த வீட்டுச் சோத்தைத் தின்னு இந்த வீட்டு மானத்தை வாங்குனவ. அவளைப் பத்தி என்னைவிட யாருக்குத் தெரியும்?

பொண்ணைப் பத்தி நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். எனக்கு எதுக்கு அந்தப் பாவம்? நாகப்பட்டினத்துப் பக்கம் அடிச்ச பெரும்புயல்ல அப்பன் ஆத்தாளைப் பறிகொடுத்த குழந்தை. யார் பெத்தது, என்ன சாதி, எதுவும் தெரியாது. இவ தூக்கிக்கிட்டு வந்து வளர்த்தா. உங்க பையன் கட்டுனா அவளைத்தான் கட்டுவேங்கிறான்னா அது உங்க வீட்டுப் பாடு. ஆனா தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலைன்னு சும்மாவா சொன்னாங்க? பெத்தாத்தான் தாயா, வளர்த்தாலும் தாய்தானே? அதனால தாயைப் பத்திச் சொல்றேன். கேட்டுட்டு நீங்களே முடிவு பண்ணுங்க.

உங்க பக்கம் இங்கிலீஷ்காரன் ஆண்டான். கலெக்டர், தாசில்தார், கணக்குப்பிள்ளை. எங்க பக்கம் பிரெஞ்சுக்காரன். இங்க ஊருக்கு ஊர் சபை உண்டு. அந்தச் சபைக்குத் தலைவர் மேர். பொறப்பு, சாவு, கல்யாணம் எல்லாம் மேர் பதிஞ்சாத்தான் செல்லும். கோயில்ல தாலி கட்டுனாலும் மேர் முன்னாடி வந்து நின்னு சம்மதம் சொல்லிக் கையெழுத்துப் போட்டாத்தான் சர்க்கார் கண்ணுக்குப் புருஷன் பொண்டாட்டி. எங்க புன்னைவாசலுக்கு என் மாமனார் மேரா இருந்தார். அவருக்கப்புறம் என் வீட்டுக்காரர் மாசிலாமணி பிள்ளை. நீங்க உக்காந்திருக்கிற இந்தக் கூடம்தான் அப்போ ஆபீஸ். அந்தா, அந்தச் சுவரோரமா பீரோ. வாசல்ல கொடிக்கம்பம். நான் மேர் அம்மா. என் பேரு அபயாம்பாள்னு ஊர்ல பாதிப் பேருக்குத் தெரியாது. கோயில்ல முதல் பிரசாதம் மேர் அம்மாவுக்கு. தேர் இழுக்கிறப்போ என் நிழலை மிதிக்காம விலகிப் போவாங்க.

வெள்ளைக்காரத் துரை வருஷத்துக்கு ஒரு தடவை காரைக்கால்லேர்ந்து வருவான். என் கையால முறுக்கு தின்னுட்டு, ஏதோ பிரெஞ்சுல சொல்லிட்டுப் போவான். மத்தபடி இங்க துரை யாரு? என் வீட்டுக்காரர்தான். எலெக்‌ஷன் வரும், போகும். பெட்டியில என்ன விழணும்னு சந்தனத்துக்குத் தெரியும். சந்தனம்னா எங்க ஆளு, கம்பு சுத்துறவன். அவன் பெட்டிக்குப் பக்கத்துல நின்னா வோட்டு தன்னால விழும். ஊர் அமைதியா இருந்துச்சு.

தையல்நாயகி புருஷன், என் கொழுந்தன் தியாகராசன், காரைக்கால் காலேஜ்ல பிரெஞ்சு படிச்சவன். சாது. பொண்டாட்டியோட தனியா இருக்கிற நேரத்துல மத்தவங்க என்ன பேசுவாங்க? இவங்க ரெண்டு பேரும் பிரெஞ்சு படிச்சாங்க. கதவுக்கு வெளியே கேக்கும். அவன் ஒரு வார்த்தை சொல்லுவான், இவ அதையே திருப்பிச் சொல்லுவா, ரெண்டு பேரும் சிரிப்பாங்க. எனக்கு உடம்பெல்லாம் எரியும். கூட்டுக் குடும்பத்துல இப்படியா சிரிக்கிறது? அப்புறம் அவன் டைபாய்டுல போயிட்டான். புள்ளை குட்டி இல்ல. அதோட சிரிப்பும் நின்னுச்சு.

பொறந்த வீட்டுக்கு அனுப்பிடலாம்னு என் வீட்டுக்காரர் சொன்னார். நான்தான் வேணாம்னேன். அடுப்படிக்கு ஆள் வேணும்ல? வெள்ளைச் சேலையைக் கட்டிக்கிட்டு அவ பாட்டுக்கு ஒரு மூலையில கிடந்தா. விடியறதுக்கு முன்னாடி எழுந்திருப்பா. நல்ல காரியம் நடக்கிற நாள்ல அவளே கொல்லைப்புறம் போயிடுவா, நான் சொல்ல வேண்டிய அவசியமே இல்ல. மூத்தார்ங்கிற மரியாதையில என் வீட்டுக்காரர் முன்னாடி நிக்க மாட்டா. அவர்கிட்ட ஏதாவது சொல்லணும்னா கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு என்கிட்ட சொல்லுவா. அப்படித்தான் இருந்தா. அப்படியே இருந்திருந்தா நான் இன்னிக்கு அவளைத் தலைமேல வச்சுக் கொண்டாடுவேன்.

வெள்ளைக்காரன் சண்டை முடிஞ்சுது. முடிஞ்ச கையோட பிரான்சுலேர்ந்து ஒரு உத்தரவு. பொம்பளைங்களும் வோட்டுப் போடலாம், சபைக்கும் நிக்கலாம். ஊரே சிரிச்சுது. ஆனா துரை சொல்லி அனுப்பிட்டான், ஒவ்வொரு ஊர்ச் சபையிலயும் ஒரு பொம்பளையாவது இருந்தா குவர்னர் சந்தோஷப்படுவார்னு.

எங்க வீட்டுக்காரர் சாப்பிடுறப்போ சொன்னார், "எவளைப் போய் நிறுத்துறது? மானமுள்ளவ எவ ஆம்பளைங்க நடுவுல வந்து உக்காருவா?"

நான் விசிறிக்கிட்டே இருந்தேன். அவர் என்னைப் பார்க்கலை. பார்த்திருந்தாலும் நான் ஒத்துக்கிட்டிருக்க மாட்டேன். மேர் பொண்டாட்டி போய்ச் சபையில உக்காரலாமா? கேட்டிருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். கேக்கலை. அது வேற விஷயம்.

"நம்ம தையலு இருக்காளே," அப்படின்னேன். "அவளுக்கு மானம் போக என்ன இருக்கு? ஒரு மூலையில உக்காந்துட்டு, காட்டுன இடத்துல கையெழுத்துப் போட்டுட்டு வந்து உலை வைப்பா."

ஆமாங்க. அவளை அனுப்புனதே நான்தான். எழுதி வச்சுக்குங்க. ஊர்ல இன்னிக்கு அவளைப் பெரிய இவன்னு பேசுறாங்களே, அந்தப் பெருமையெல்லாம் யாருக்குச் சேரணும்?

எலெக்‌ஷன் நடந்துச்சு. சந்தனம் பெட்டிக்குப் பக்கத்துல நின்னான். அவ ஜெயிச்சா. சபை கூடுறப்போ கதவோரமா, எல்லாருக்கும் பின்னாடி, ஸ்டூல்ல உக்காருவா. தலையைக் குனிஞ்சுக்குவா. முடிஞ்சதும் எல்லாருக்கும் காபி கலந்து கொடுப்பா. அடுத்த தடவை துரை வந்தப்போதான் வினை வந்துச்சு. அவன் ஏதோ கேட்டான். எங்க வீட்டுக்காரருக்கு அவன் வேகத்துக்கு விளங்கலை. கதவோரத்துலேர்ந்து இவ பதில் சொன்னா. தண்ணி மாதிரி பிரெஞ்சு. துரை திரும்பிப் பார்த்தான். அப்புறம் அந்த நாள் பூரா அவகிட்டதான் பேசுனான். என் முறுக்கு தட்டோட அப்படியே இருந்துச்சு.

துரையைக் குளிர வைக்கணும்னு எங்க வீட்டுக்காரர் அவளை ரெண்டாவது துணை மேர்னு ஆக்குனார். மேர் ஊர்ல இல்லேன்னா முதல் துணை மேர், அவரும் இல்லேன்னா ரெண்டாவது துணை மேர், அந்த வேலையைப் பார்க்கலாம்னு சட்டம். ரெண்டு ஆம்பளையும் ஒரே நேரத்துல ஊர்ல இல்லாம எங்க போகப் போறாங்க? சும்மா அலங்காரத்துக்கு. கொலு பொம்மை மாதிரி.

இப்பத்தான் விஷயத்துக்கு வர்றேன். மோர் இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?

எங்க பண்ணையில வேலை செஞ்ச சேரிக் குடும்பத்துல ஒருத்தன், காத்தமுத்துன்னு பேரு. பிரெஞ்சுப் பட்டாளத்துல சேர்ந்து சண்டைக்குப் போனான். செத்திருப்பான்னு நினைச்சோம். பூட்ஸ் போட்டுக்கிட்டுத் திரும்பி வந்தான். பூட்ஸோட எங்க தெருவுல நடந்தான். சந்தனம் கழட்டச் சொன்னதுக்கு, "இது சர்க்கார் பூட்ஸ். வேணும்னா குவர்னருக்கு எழுதிக் கேளு"ன்னான். அப்படி ஒரு வாய். அவனுக்கு சைகோன்ல வேலை. கப்பல் ஏறணும். போறப்போ பூங்காவனத்தைக் கட்டிக் கூட்டிக்கிட்டுப் போகணும். பூங்காவனம் எங்க மாட்டுத் தொழுவத்துல சாணி அள்ளுற பொண்ணு. மேர் முன்னாடி நடந்த கல்யாணம்னாத்தான் பொண்டாட்டியைக் கப்பல்ல ஏத்துவாங்களாம்.

எங்க வீட்டுக்காரர் மாட்டேன்னு சொல்லலை. அவர் அப்படி முகத்துல அடிச்ச மாதிரி பேசுற ஆள் இல்ல. "பார்க்கலாம்"னார். இன்னிக்கு ராகு காலம்னார், நாளைக்குச் சபைன்னார். இதுல ஒரு ஞாயம் இருக்கு. அந்தப் பொண்ணு குடும்பம் தலைமுறை தலைமுறையா எங்க பண்ணையில உழைக்கிற குடும்பம். ஒருத்தி கப்பல் ஏறுனா நாளைக்குச் சேரியே கப்பல் ஏறும். அப்புறம் நாத்து யார் நடுறது? நானா? கப்பல் நாள் நெருங்குனதும் அவரும் முதல் துணை மேரும் புதுச்சேரியில அவசர ஜோலின்னு வண்டி கட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. கப்பல் போனப்புறம் திரும்பி வர்றதா ஏற்பாடு.

போறப்போ பீரோ சாவியை என்கிட்ட கொடுத்தார். "பட்டை உள்ளே இருக்கு. பத்திரம்"னார்.

பட்டைன்னா, நீலம் வெள்ளை சிவப்பு மூணும் சேர்ந்த பட்டு. பிரெஞ்சுக்காரன் கொடியோட நிறம். மேர்ங்கிறவர் அதைத் தோள்ல குறுக்கா போட்டுக்கிட்டுத்தான் கல்யாணம் பண்ணி வைக்கணும். அது இல்லாம பண்ணுனா எழுத்தர் சூசைநாதர் எழுத மாட்டார். அந்த மனுஷன் பட்டை இல்லாம தன் மேல எறும்பு ஊர்ந்தாலும் தட்டி விட மாட்டார், அவ்வளவு பயம்.

மறுநாள் காலையில அடுப்படியில இட்லித் தட்டை இறக்கி வச்சிட்டு, முந்தானையில கையைத் துடைச்சுக்கிட்டு என் முன்னாடி வந்து நின்னா.

"அக்கா, பீரோ சாவியைக் கொடுங்க."

"எதுக்குடி?"

"மேரும் இல்ல, பெரிய துணை மேரும் இல்ல. இன்னிக்கு நான்தான் மேர். பத்து மணிக்கு ஒரு கல்யாணம் இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துச்சு. நிஜமாவே சிரிச்சேன். "ஏண்டி, நீ யாரு, உன் கோலம் என்ன? தாலி அறுத்தவ கல்யாணம் பண்ணி வைக்கப் போறியா? நீ எதிர்ல வந்தாலே ஊர்ல பொண்ணைத் திருப்பி அழைச்சிட்டுப் போவாங்க."

"தெரியும்க்கா. அந்தப் பொண்ணுகிட்டயும் கேட்டேன். நான் பண்ணி வச்சா உனக்குப் பரவாயில்லையான்னு. இந்தச் சாணிக்கூடையை இறக்கி வச்சாப் போதும் ஆயின்னு சொன்னா."

நான் சாவியைக் கொடுக்கலை. ஏன் கொடுக்கணும்? புருஷன் பத்திரம்னு சொல்லிக் கொடுத்த பொருள். இடுப்புல சொருகிக்கிட்டு உள்ளே போய் உக்காந்துட்டேன். அவ கெஞ்சுவான்னு பார்த்தேன். கெஞ்சலை. சரிக்கான்னு சொல்லிட்டுப் போயிட்டா. நான் போய்ச் சந்தனத்துக்கு ஆள் அனுப்பிட்டு வந்தேன்.

கூடத்துல சத்தம் கேட்டு இந்த உள்கதவு இடுக்கு வழியா பார்த்தேன். தலை வாசல் ரெண்டு கதவும் விரியத் திறந்து கிடக்கு. அந்த வாசல் வழியா சேரி சனம் உள்ளே வருதுங்க! அதுவரைக்கும் பொறப்புச் சாவு பதியணும்னா அவங்க தெருவுல நிப்பாங்க, ஜன்னல் வழியா பேரைச் சொல்லுவாங்க, சூசைநாதர் காதுல விழுந்ததை எழுதுவார். அதுதான் முறை. அன்னிக்கு இந்தத் தரையில, நான் கோலம் போட்ட தரையில, அந்தப் பொண்ணு ஈரத் தலையோட நிக்கிறா. காத்தமுத்து பூட்ஸோட நிக்கிறான்.

சூசைநாதர் கையைப் பிசையறார். "அம்மா, பட்டை இல்லாம செல்லாதும்மா. என் வேலை போயிடும்மா."

இவ கொடிக்கம்பத்தை எட்டிப் பார்த்தா. அப்புறம் வாசலுக்குப் போனா. கொடிக்கம்பத்துக் கயித்தை அவிழ்த்தா. ஏறிப் பறந்துக்கிட்டிருந்த கொடியை இறக்கி, உதறி, நீளவாக்குல மடிச்சு, தோள்லேர்ந்து இடுப்புக்குக் குறுக்கா கட்டி முடிச்சுப் போட்டா. வெள்ளைச் சேலைமேல நீலமும் சிவப்பும். அவ புருஷன் செத்தப்புறம் அவ உடம்புல ஒரு நிறம் பட்டு நான் பார்த்தது அன்னிக்குத்தான். எனக்கு நெஞ்சு அடைச்சுக்கிச்சு. கோபத்துலதான். வேற எதுல?

"இதே மூணு நிறம்தானே, சூசைநாதர் ஐயா? எழுதுங்க"ன்னா.

அந்த நேரத்துக்குச் சந்தனம் வந்துட்டான். அவன்கூட நாலஞ்சு பேர், கையில கம்பு. சேரி சனம் சுவரோட ஒட்டிக்கிச்சு. காத்தமுத்து முன்னாடி வந்தான். அவனைக் கையால பின்னுக்குத் தள்ளிட்டு இவ வாசப்படியில போய் நின்னா. மூத்தார் முன்னாடி நிக்காதவ, ஆம்பளைங்க முன்னாடி நின்னா. கொடி அவ மார்மேல கிடக்கு.

"சந்தனம், அடி பார்க்கலாம்," அப்படின்னா. சத்தம் கூடப் போடலை. "எங்க அடிச்சாலும் இது மேலதான் படும். சர்க்கார் கொடி மேல கம்பு பட்டா என்ன ஆகும்னு உனக்குத் தெரியுமா, நான் பிரெஞ்சுல படிச்சுக் காட்டட்டுமா?"

சந்தனம் எத்தனையோ தலையைப் பொளந்தவன். அவன் கம்பு இறங்கலை. அந்தத் தடியனுக்கு ஒரு முழத் துணியைப் பார்த்துப் பயம்! நான் கதவுக்குப் பின்னாடியிலேர்ந்து கத்துனேன், "டேய், அது வெறும் துணிடா, அடிடா"ன்னு. அவன் திரும்பி உள்கதவைப் பார்த்து, "ஆயி, வெறும் துணின்னா நீங்க வந்து தொட்டுப் பாருங்க"ன்னுட்டான். என் உப்பைத் தின்னவன் சொல்ற பேச்சா இது?

கல்யாணம் நடந்துச்சு. இவ நாற்காலியில உக்காரலை, நின்னுக்கிட்டே நடத்துனா. முதல்ல பிரெஞ்சுல சொன்னா. அப்புறம் தமிழ்ல திருப்பிச் சொன்னா. அதுக்கு முன்னாடி யாரும் தமிழ்ல சொன்னதில்ல. "பூங்காவனம், இந்தக் காத்தமுத்துவைப் புருஷனா ஏத்துக்க உனக்குச் சம்மதமா?" அந்தக் கழுதை வாயைத் திறக்க மாட்டேங்குது, அழுவுது. இவ காத்திருந்தா. "அவசரமில்ல, யோசிச்சுச் சொல்லு"ங்கிறா! சம்மதம்னு சொன்னப்புறம்தான் மேல போனா.

எங்க கல்யாணமும் இதே கூடத்துலதான் பதிஞ்சுது. என் மாமனார் நடத்துனார். என்கிட்டயும் ஏதோ கேட்டார். பிரெஞ்சுலதான் கேட்டிருப்பார். நான் தலையாட்டியிருப்பேன். ஞாபகமில்ல. அதனால என்ன குறைஞ்சு போச்சு?

ரெண்டு பேரும் கப்பல் ஏறிட்டாங்க.

என் வீட்டுக்காரர் திரும்பி வந்தார். வண்டியை விட்டு இறங்குறதுக்குள்ள சேதி தெரிஞ்சுபோச்சு. நேரா வந்து என்னை அறைஞ்சார். இந்த இடது காது அன்னியிலேர்ந்து மந்தம், நீங்க கொஞ்சம் சத்தமா பேசுங்க. அவர் கெட்டவர் இல்ல. கோபம். அந்தக் கோபம் யாரால வந்துச்சு? அவளால. அப்படின்னா என் காதைச் செவிடாக்குனது யாரு? நீங்களே சொல்லுங்க.

அவளை அன்னிக்கே வெளியே அனுப்பிட்டார். கட்டுன சேலையோட, கொல்லைப்புற வழியா. அவ புருஷன் பங்கு நிலம் எங்க நிலத்தோட சேர்ந்தது, குடும்பச் சொத்து, அதை அவகிட்ட எப்படிக் கொடுக்கிறது? அவளும் கேக்கலை. தியாகராசனோட பிரெஞ்சுப் புஸ்தகத்தை மட்டும் எடுத்துக்கிட்டா. நான் தடுக்கலை. அந்த அளவுக்கு எனக்கு இரக்கம் உண்டு.

கொடியை அவமானப்படுத்திட்டான்னு எங்க வீட்டுக்காரர் காரைக்காலுக்கு எழுதிப் போட்டார். துரை விசாரணைக்கு வந்தான். இதே கூடம். ஊரே வாசல்ல நின்னுச்சு. துரைக்குப் பக்கத்துல மொழிபெயர்க்க ஒருத்தர். தையல்நாயகியை நிக்க வச்சு ஏன் கொடியை எடுத்தேன்னு கேட்டான். இவ பிரெஞ்சுல ரெண்டே வார்த்தை மாதிரி ஏதோ சொன்னா. துரை மீசைக்குள்ள சிரிச்சான். வாசல்ல நின்ன சனம் என்ன சொன்னா, என்ன சொன்னான்னு கேட்டுச்சு. மொழிபெயர்க்கிறவர் எங்க வீட்டுக்காரரைப் பார்த்துக்கிட்டே தயங்கித் தயங்கிச் சொன்னார், "பட்டையைப் பூட்டி வச்சவங்க கொடியைப் பூட்ட மறந்துட்டாங்க, அப்படின்னு சொல்றாங்க."

சனம் சிரிச்ச சிரிப்பு இருக்கே. மேரைப் பார்த்து, மேர் வீட்டு வாசல்ல நின்னு!

துரை சிரிச்சானே ஒழிய, எங்க வீட்டுக்காரர் அவனுக்கு வேணும். எலெக்‌ஷன்ல சர்க்காருக்கு வேண்டியவங்களுக்கு வோட்டு விழ வைக்க ஆள் வேணும்ல? கொடி விஷயத்துல தப்புன்னு சொல்லி அவளைச் சபையை விட்டு நீக்குனான். ஆனா கல்யாணம் செல்லும்னுட்டான். நீக்குனதுக்கு அவ அழுவான்னு பார்த்தேன். துரைக்கு ஒரு கும்பிடு போட்டா. பிறகு எனக்கும் ஒண்ணு போட்டா. என்ன திமிர் பாருங்க.

அதோட முடிஞ்சுதுன்னு நினைச்சோம். முடியலை. அன்னியிலேர்ந்து சேரி சனம் ஜன்னலுக்கு வர்றதில்ல. குழந்தை பொறந்தா, தலை வாசல் வழியா நேரா உள்ளே வந்து நின்னு, "பேரைச் சரியா எழுதுங்க ஐயா"ங்குது. சூசைநாதருக்கும் வாய் முளைச்சு, "எப்படி எழுதணும், திருப்பிச் சொல்லு"ங்கிறார். அடுத்த எலெக்‌ஷன்ல சந்தனம் பெட்டிக்குப் பக்கத்துல நின்னான். சனம் அவனைத் தாண்டிப் போய்ப் போட்டுச்சு. என் வீட்டுக்காரர் தோத்தார். பட்டை இன்னொருத்தர் தோளுக்குப் போச்சு. ஆபீசும் வேற இடம் போச்சு. கொஞ்ச நாள்ல பிரெஞ்சுக்காரனும் போயிட்டான். மேர் அம்மாங்கிற பேரு மட்டும் கொஞ்ச காலம் ஒட்டிக்கிட்டிருந்துச்சு. அப்புறம் அதுவும் உதிர்ந்து போச்சு.

அவ என்ன ஆனாள்னு கேக்கிறீங்களா? கெட்டா போனா? மேலத் தெருவுல ஒரு ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடிச்சு, பொண்ணுங்களைக் கூட்டி வச்சுப் பாடம் சொல்லிக் கொடுத்தா. சைகோன்லேர்ந்து அந்தப் பூங்காவனம் துணியும் சாமானும் அனுப்புவாளாம். புயலுக்கப்புறம் இந்தக் குழந்தையைத் தூக்கிக்கிட்டு வந்தா. தேன்மொழிக்கு எதுக்கெடுத்தாலும் ஏன்னு கேக்கிற பழக்கம் உண்டு, அதையும் தெரிஞ்சு வச்சுக்குங்க. வீட்ல ஒரு முடிவு எடுக்கிறதுன்னா அதையும் கூப்பிட்டு உக்கார வச்சுத்தான் எடுப்பாளாம். அப்படி வளர்ந்த பொண்ணு நாளைக்கு உங்க வீட்ல வாயை மூடிக்கிட்டு இருக்குமா?

ஒண்ணு மட்டும் சொல்லி முடிச்சிடறேன். இதைச் சொன்னாத்தான் அவ எப்பேர்ப்பட்டவன்னு உங்களுக்கு விளங்கும்.

என் வீட்டுக்காரர் கடைசியில பக்கவாதம் வந்து படுத்தார். படுக்கையிலயே இருந்து போனார். பத்தாம் நாள். பங்காளி வீட்டுப் பொம்பளைங்க எல்லாம் வந்தாச்சு. என்னை மணையில உக்கார வச்சு, தலை நிறையப் பூவும் கை நிறைய வளையலும் நெத்தி நிறையக் குங்குமமும் வச்சாங்க. எல்லாத்தையும் எடுக்கிறதுக்காக வைக்கிறதுதானே அது. உங்களுக்குத் தெரியாததா? தாலியைக் கழட்டிக் கொடுத்தேன். அது முறை. அழுதுக்கிட்டே கொடுத்தேன். வளையலை உடைச்சாங்க. ஒரு சில்லு மணிக்கட்டுல குத்தி ரத்தம் வந்துச்சு. பெரியம்மா ஒருத்தி பூவைப் பிடிச்சு இழுத்தா, முடியும் சேர்ந்து வந்துச்சு. அப்புறம் குங்குமத்தை அழிக்கக் கையைக் கொண்டு வந்தா.

அந்தக் கையைப் பிடிச்சா ஒருத்தி.

நான் நிமிர்ந்து பார்த்தா தையல்நாயகி. கூப்பிடாத எடத்துக்கு வந்திருக்கா. அதுவும் தலை வாசல் வழியா.

"போதும், விடுங்க பெரியம்மா"ன்னா. "ரத்தம் வருது பாருங்க. நெத்தியில இருக்கிறது அவங்க பொட்டு. சின்ன வயசுலேர்ந்து வச்சது. யார் கட்டுன தாலியோடயும் வந்ததில்ல."

எல்லாரும் கத்துனாங்க. முறை தெரியாதவ, ஊரைக் கெடுத்தவ, உனக்கு இங்க என்ன வேலைன்னாங்க. அவ குனிஞ்சு தன் முந்தானையைக் கிழிச்சு என் மணிக்கட்டுல கட்டுனா. "எந்திரிங்கக்கா. ஏதாவது சாப்பிட்டீங்களா?"ன்னா. சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாடி, என்னைப் பார்த்து, நான் ஏதோ பட்டினி கிடக்கிறவ மாதிரி! மானம் போச்சு. சண்டை போட்டுட்டு எல்லாரும் பாதியிலயே கிளம்பிப் போயிட்டாங்க. சடங்கு அரைகுறையா நின்னுபோச்சு. ஒரு கிண்ணம் கஞ்சி வச்சுக் கொடுத்துட்டு அவளும் போயிட்டா. இப்படி ஒரு அவமானத்தை எனக்கு யாரும் செஞ்சதில்ல.

எல்லாரும் போனப்புறம் கண்ணாடி முன்னாடி போய் நின்னேன். பொட்டு அப்படியே இருந்துச்சு. அழிச்சிடலாம்னு கை போச்சு. அழிக்கலை. மறுநாள் குளிச்சிட்டு வந்து பார்த்தேன், கரைஞ்சு போயிருந்துச்சு. சின்னதா ஒண்ணு வச்சுக்கிட்டேன். ஊர் என்னவோ பேசுச்சு. பேசிட்டுப் போவட்டும். அன்னியிலேர்ந்து இன்னி வரைக்கும் வச்சுக்கிட்டுத்தான் இருக்கேன், நீங்க வந்ததுலேர்ந்து அதைத்தான் பார்த்துக்கிட்டிருக்கீங்க, எனக்குத் தெரியாமலா?

அவ சொன்னாங்கிறதுக்காக வைக்கலை. அதை நல்லா கேட்டுக்குங்க. அவ பேச்சை நான் என்னிக்குக் கேட்டிருக்கேன்?